பாடசாலைத் தோட்டத்தின் படலைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று தணிந்து மாரிக்கு முந்திய புழுக்கம் தொடங்கியிருக்கும் இந்நாள்களில், திருகோணமலை மாவட்டப் பாடசாலைகள் பலவற்றில் மரக்கறித் தோட்டம் அமைப்பது பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் இக்காலத்தில் எழுகின்ற பேச்சுத்தான் இது. கூட்டம் கூடும்; குழு தெரிவாகும்; விருந்தினர் ஒருவர் கத்தரிக் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதைப் படம் பிடிப்பார்கள்; அடுத்த ஆண்டு இதே காலத்தில் அதே நிலத்தில் அறுகும் கோரையும் மண்டிக் கிடக்க, புதிய குழுவொன்று தெரிவாகும். நகருக்கு வடக்கே கடலோரத்தை அண்டிய பாடசாலையொன்றின் தோட்டத்தில் ஊரவர் சிலரோடு சேர்ந்து சில ஆண்டுகளாகத் தொண்டராக வேலை செய்துவரும் ஓய்வூதியர் என்ற வகையில், இந்தச் சுற்று ஏன் திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பது குறித்து எனக்குப் பட்டதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கல்வி அதிகாரிகளுக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

எமது மாவட்டத்தில் பாடசாலைத் தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிட, மண் சரியில்லாமல் அழிவதைவிட, பாடசாலை பூட்டியிருக்கும் நாள்களாலேயே அதிகம் அழிகின்றன. கத்தரியை எடுத்துக்கொள்வோம். நாற்றுமேடையில் ஏறத்தாழ நான்கு வாரம் நின்று, பிடுங்கி நட்டபின் இரண்டு மாதமளவில்தான் முதற்காய் தரும். அதன்பின் ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் பல மாதங்களுக்குக் காய்த்துக்கொண்டிருக்கும். மிளகாயும் அப்படியே. ஒரு தவணையின் பள்ளி நாள்களோ மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ அமைகின்றன. எனவே முதலாம் வாரத்தில் விதைத்த பயிர், மாணவர் வீட்டுக்குப் போகும் வாரத்தில்தான் காய்க்கத் தொடங்குகிறது. ஏப்பிரல், ஆகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளும், முஸ்லிம் பாடசாலைகளாயின் நோன்பு கால விடுமுறையும் பயிருக்குத் தெரியா. அவற்றுள் ஆகஸ்ட் விடுமுறை மிகக் கொடியது. மேற்கிலிருந்து வீசும் வரண்ட காற்றில், நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி போன்ற இடங்களின் மணல் நிலத்தில், மூன்று நான்கு நாள் தண்ணீர் காணாத தக்காளியை மீட்டெடுக்க யாராலும் இயலாது.

இங்கேதான் தொண்டர்களின் இடம் வருகிறது. ஆனால் பெரும்பாலான பாடசாலைகள் தொண்டர்களை அழைப்பது நிலத்தைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு மட்டுமே. ஞாயிறு காலையில் ஐம்பது பேர் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வந்து அரைநாளில் நிலத்தைப் புரட்டிவிட்டுச் சோற்றுப்பார்சலைச் சாப்பிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஐம்பது பேரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் ஒருநாள் வந்த ஐம்பது பேரைவிட, விடுமுறை நாள்களில் மாறி மாறி வரக்கூடிய ஐந்து பேரே தோட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகலில் பூவாளி தூக்குவதற்கு ஆள் சேர்ப்பதே கடினம். தோட்டம் தொடங்கும் பாடசாலை முதலில் தேட வேண்டியது இந்த ஐந்து பேரைத்தான்; கன்றையும் விதையையும் பிறகு தேடலாம்.

அந்த ஐவரும் சுமக்க வேண்டிய வேலையின் அளவைக் கூட்டத்திலேயே கணக்கிட்டுச் சொல்வது நேர்மையானது. எமது பகுதியின் வெயில் காலத்தில் மரக்கறிப் பாத்தி நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் வரையான நீரை இழக்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர். ஆகவே நான்கு பேர்ச், அதாவது ஏறத்தாழ 100 சதுர மீற்றர், பரப்புள்ள தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 500 முதல் 600 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர் பூவாளியால் ஊற்றுவதாயின் 50 அல்லது 60 தடவை கிணற்றடிக்கும் பாத்திக்கும் நடக்க வேண்டும். இதை அறியாமல், கால் ஏக்கரில் தோட்டம் போடுவோம் என்று கூட்டத்தில் கைதட்டிவிட்டுச் செல்பவர்கள் ஜூன் மாதத்தில் அந்தப் பக்கமே வருவதில்லை. முதலாம் ஆண்டில் இரண்டு பேர்ச் போதும் என்பது என் உறுதியான கருத்து. நீர் இறைக்கும் மோட்டரும் குழாயும் இருந்தால் பரப்பைக் கூட்டலாம். அப்போதும் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் பத்து லீற்றர் வாளியைக் கொடுப்பது தகாது. அவர்களுக்கென இரண்டு, மூன்று லீற்றர் கொள்ளும் சிறிய பாத்திரங்கள் இருக்க வேண்டும்.

நீரைச் சிக்கனப்படுத்தும் வழிகளை எங்கள் தாத்தாமார் அறிந்தேயிருந்தார்கள். மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்தி இடையே வடிகால் விடுவதும், வெயில் காலத்தில் அதே பாத்தியைத் தாழ்த்தி வரம்பு கட்டுவதும் மணற்பாங்கான நிலத்துக்கு இன்றியமையாதவை. வைக்கோல், காய்ந்த வாழையிலை, தென்னோலை ஆகியவற்றைப் பத்திரக்கலவையாக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, பரப்பினால் நாளுக்கு இருமுறை ஊற்றுவதை ஒருமுறையாகக் குறைக்கலாம். வெறும் மணலில் ஊற்றும் நீர் வேருக்குக் கீழே ஓடிவிடும். அதைத் தடுத்து வைத்திருப்பது மட்கிய எருவும் தும்புச்சோறும்தான். ஆகையால் முதல் மாரியில் எதையும் நடாமல், சாணம், பூவரசு இலை, கிளிசெரியா இலை, பாடசாலை வளவில் கூட்டி எரிக்கப்படும் வேப்பஞ்சருகு ஆகியவற்றைக் கொண்டு கூட்டெருக் குவியல்களை மட்டும் அமைப்பதற்குத் துணிவுள்ள அதிபர் ஒருவர் கிடைத்தால் அந்தப் பாடசாலை கொடுத்துவைத்தது. படம் எடுப்பதற்கு அதில் எதுவும் இருக்காது என்பது மெய்தான்.

கரையோரப் பாடசாலைகள் கிணற்று நீரின் சுவையையும் கவனிக்க வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் கிணறுகள் உவர்ப்பேறிக் கிடந்ததை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அவை மீண்டன, ஆயினும் ஆவணி மாதத்தளவில் நீர்மட்டம் இறங்கும்போது சில கிணறுகளில் உப்புக் கரிப்பது இன்றும் உண்டு. பயிற்றைக்கும் மிளகாய்க்கும் அந்த நீர் ஒத்துவராது. கன்று ஏன் கருகுகிறது என்று மாதக்கணக்கில் பூச்சியைத் தேடுவதைவிட, கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை ஒருமுறை அழைத்து நீரையும் மண்ணையும் காட்டுவது மேல். அவர்கள் அழைத்தால் வருகிறார்கள்; அழைக்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

அடுத்ததாக, நாங்கள் நடுகின்ற காலமே பல இடங்களில் பிழையாக இருக்கிறது. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி, நவம்பர், டிசெம்பர் மாதங்களில் உச்சம் பெற்று, ஜனவரியில் தணிகிறது. அந்த இரு மாதங்களிலும் திருகோணமலையில் சராசரியாக மாதமொன்றுக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வளவு மழையில் தக்காளியும் மிளகாயும் வேரழுகி, பூவுதிர்ந்து நிற்கும். புயலையும் நினைவில் கொள்ள வேண்டும்: 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கேதான். அப்படியிருந்தும், ஒக்டோபரில் நட்டு டிசெம்பர் விடுமுறைக்கு முன் அறுவடை விழா நடத்த வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டுவிடுகிறோம். மழையின் தொடக்கத்தில் வெண்டி, பயிற்றை, பூசணி, மரவள்ளி, கீரை வகைகளை இடலாம். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாசி, தேசி முதலியவற்றை அப்போதே வைத்தால் மாரி அவற்றை வேர்விடச் செய்துவிடும். ஆனால் கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்றுமேடையை மார்கழியில் கூரையின் கீழ் போட்டு, தைப்பொங்கல் கழிந்தபின் நடுவதே எமது நிலத்துக்குப் பொருந்தும். அப்போது கிணறு நிறைந்திருக்கும், மண் ஈரமாக இருக்கும், வெயில் கடுமையடைந்திராது. அறுவடையின் பெரும்பகுதி பங்குனியில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நாள்களிலேயே கிடைக்கும்.

சித்திரைக்குப் பின் நிலத்தின் பெரும்பகுதியை ஓயவிட்டுவிடலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருந்தால்தான் தோட்டம் என்று எண்ணுகிறோம். கிணற்றில் நீரும் தோளில் வலுவும் இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில் நான்கு பாத்தியில் கங்குன், பசளி, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றைக் கைகழுவும் குழாயடி நீரைக் கொண்டு காப்பாற்றினாலே போதுமானது.

தொண்டர்களுக்கும் பருவமுண்டு. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள வயற்காரர்களின் கைப்பழக்கம் வேறெவருக்கும் வராது; ஆயினும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரும்போக விதைப்பும், தை தொடங்கிப் பங்குனி வரை அறுவடையும் இருக்கும்போது அவர்களைப் பாடசாலைக்கு எதிர்பார்ப்பது நியாயமன்று. மாறாக, கிழக்குக் கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் கடற்றொழிலாளர் பலர் கரையில் இருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தின் வேலியையும் பந்தலையும் கட்டித் தந்தவர்கள் அவர்களே. பழுதாகிக் கழித்த வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினால் ஆட்டையும் கோழியையும் தடுக்கும் வேலியாகும். அதையே குறுக்கே கட்டினால் பாகலும் பீர்க்கும் புடோலும் ஏறப் பந்தலாகும். வலை முடிச்சிடத் தெரிந்த கைகளுக்கு அது அரைநாள் வேலை. கட்டிய கம்பை ஒவ்வோராண்டும் மாற்ற வேண்டியதிருக்கும். எனவே வேலிக்கம்பாகக் கிளிசெரியாவையோ பூவரசையோ ஊன்றிவிடுவது சிறந்தது. கம்பும் நிலைக்கும், பசுந்தாளும் கிடைக்கும்.

வேலியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது மாவட்டத்தில் வேலியில்லாத தோட்டம் என்பது கட்டாக்காலி மாடுகளுக்கான நன்கொடை. மாலை நான்கு மணிக்குப் பாடசாலை வாயில் திறந்திருந்தால் நான்கரை மணிக்குள் ஒரு தவணையின் உழைப்பை இரண்டு பசுக்கள் மேய்ந்து முடித்துவிடும். நகர்ப்பகுதியிலோ கோட்டையிலிருந்து இறங்கித் திரியும் புள்ளிமான்கள் இருக்கின்றன. உல்லாசப் பயணிகளுக்கு அவை எவ்வளவு அழகோ, பயிற்றைப் பாத்திக்கு அவ்வளவு ஆபத்து. அவற்றை விரட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடலாகாது. வேலி முடியும்வரை விதையே வாங்க வேண்டாம் என்பதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம்.

இனி இக்கடிதத்தின் தலைப்பில் உள்ள வினாவுக்கு வருகிறேன். விடுமுறையில் தொண்டர் ஒருவர் தோட்டத்துக்குள் போக வேண்டுமாயின் பாடசாலையின் பிரதான வாயில் திறக்கப்பட வேண்டும். சாவி அதிபரிடமோ காவலாளியிடமோ இருக்கும். அதிபர் ஊருக்குப் போயிருப்பார். காவலாளிக்கு எழுத்தில் அறிவுறுத்தல் இல்லாமையால் அவர் திறக்கமாட்டார். அவர்மீது குற்றமில்லை, வளவுக்குள் ஒரு கதிரை காணாமற் போனாலும் அவரிடம்தான் விசாரணை நடக்கும். நான் அறிந்த பாடசாலையொன்றில் பூவும் பிஞ்சுமாக நின்ற பாத்திகள் மதிலுக்கு அந்தப்பக்கம் காய்ந்து கருகுவதைத் தாய்மார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தது, கிணறும் இருந்தது. கடிதம் ஒன்றுதான் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோட்டத்தை வளவின் ஓரத்தில், ஒழுங்கையைப் பார்த்த பக்கமாக அமைத்து, அதற்கெனத் தனிப் படலையும் தனிப் பூட்டும் போட்டு, வகுப்பறைப் பக்கத்தை வேலியால் பிரித்துவிடுவது. அப்போது படலைச் சாவியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தெரிவுசெய்த தொண்டர் இருவரிடம் கொடுப்பதற்கு எந்த அதிபருக்கும் தயக்கம் இராது. புதிதாகத் தோட்டம் தொடங்குவோர் இடம் தெரிவு செய்யும்போதே இதை எண்ண வேண்டும். வெயிலும் கிணறும் எவ்வளவு முக்கியமோ ஒழுங்கையும் அவ்வளவு முக்கியம். மற்றையது, இடவசதி இல்லாத பாடசாலைகளுக்கு, வலயக் கல்வி அலுவலகம் ஒரு பக்கத்தில் அடங்கும் அனுமதிக் கடிதத்தை வழங்குவது. தொண்டரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வரும் நேரம், செல்லக்கூடிய இடம் ஆகியன அதில் இருந்தாற் போதும். காவலாளியின் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் ஒப்பமிடப்பட்டால் அனைவரும் பாதுகாக்கப்படுவர். பாடசாலை நாள்களிலும் இப்பதிவேடு வேண்டும். ஆசிரியர் ஒருவர் உடனில்லாமல் எந்தத் தொண்டரும் பிள்ளைகளோடு தனியே வேலை செய்யலாகாது என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். நல்ல மனதோடு வருபவர்கள் இதனால் புண்பட மாட்டார்கள், நான் புண்படவில்லை.

விளைச்சல் யாருக்கு என்ற கேள்வியும் கடிதத்தில் அடங்க வேண்டியதே. தொண்டர்களுக்கிடையில் வரும் மனக்கசப்பில் பெரும்பங்கு ஒரு கூடை கத்தரிக்காயால் வருவதுதான். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. எங்கள் ஏற்பாடு எளிமையானது. பாடசாலை நடக்கும் நாள்களில் பறிப்பதெல்லாம் பிள்ளைகளின் உணவுக்கு. மிஞ்சினால் பெற்றோருக்கு விற்று, பணத்தை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இட்டு, விதைக்கும் எருவுக்கும் செலவிடுகிறோம். வரவு செலவு அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். விடுமுறையில் பறிப்பது மட்டும், அந்த வாரம் தண்ணீர் ஊற்றியவருக்கு. சிலர் இதைக் கூலி என்றார்கள். கூலி என்றே வைத்துக்கொள்ளட்டும். முற்றி விதையாகிப் போகும் வெண்டிக்காயை ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடுவதில் யாருக்கும் நட்டமில்லை. தோட்டத்துக்கோ பெரிய இலாபம்.

பாடசாலைத் தோட்டம் பிள்ளைகளின் பசியைத் தீர்த்துவிடும் என்ற பேச்சிலும் நிதானம் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, ஒவ்வொரு துண்டு நிலத்திலும் பயிரிடுங்கள் என்று நாடெங்கும் கேட்டுக்கொள்ளப்பட்டது. அந்த வேகத்தில் தோன்றிய தோட்டங்கள் பல விலை இறங்கியதும் கைவிடப்பட்டன. கணக்கைப் பாருங்கள். இருநூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 கிராம் கீரை என்றால் ஒரு வேளைக்கு 10 கிலோ. நன்றாக வளர்ந்த கங்குன் பாத்தியில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அறுக்கலாம். அறுத்தபின் மறுபடி தழைக்க மூன்று வாரமளவு செல்லும். ஆகவே 10 சதுர மீற்றர் கொண்ட பாத்திகள் மூன்று நான்கை வாரம் ஒன்றாக மாற்றி அறுத்தால், வாரத்தில் ஒருநாள் முழுப் பாடசாலைக்கும் கீரை கொடுக்கலாம். இதற்கு மேல் வாக்களிப்பது பொய்யாகும். ஆனால் அந்த ஒருநாள் சிறிதன்று. சமைக்கும் தாய்மார் கடைக்குப் போக வேண்டியதில்லை. தாம் பறித்த கீரையைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் குறைவு என்பதை அத்தாய்மாரே சொல்கிறார்கள். எதை நடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் இத்தாய்மார் கட்டாயம் இருக்க வேண்டும். விடிய முன் எழுந்து நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பவருக்கு, ஆய்ந்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும் முருங்கையிலையைவிட, வெட்டிப் போடக்கூடிய பூசணியும் கங்குனும் உதவும். விவசாயப் பாட ஆசிரியருக்கு இது தோன்றாது. எனக்கும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

பூச்சி மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடசாலை வளவில் இரசாயன நாசினி தெளிக்கப்படவே கூடாது. அனுபவமுள்ள விவசாயத் தொண்டர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை வயலில் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. ‘சேதனம்’ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை. வாழ்வாதாரத்துக்காகச் செய்யும் பயிர்ச்செய்கை வேறு, ஆறு வயதுப் பிள்ளை பாத்தியிலேயே பறித்து வாயில் வைக்கும் தக்காளி வேறு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். வேப்பங்கொட்டையை இடித்து லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்துத் தெளிப்பது, துளைப்பான் தாக்கிய கத்தரித் தண்டையும் காயையும் கிள்ளி எடுத்து அழிப்பது, மஞ்சள் நரம்பு நோய் கண்ட வெண்டியைத் தயங்காமல் பிடுங்கிவிடுவது, அதனைப் பரப்பும் வெண்ணீயை மஞ்சள் நிறப் பசைத்தாளில் பிடிப்பது ஆகியவற்றோடு நின்றுவிடலாம். இரண்டு பேர்ச் நிலத்தில் பிள்ளைகளின் கண்களே போதிய காவல். நீர்த்தாங்கியையும் பீப்பாயையும் நுளம்பு புகாதபடி மூடி வைப்பதை மட்டும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை பார்த்திருக்கலாகாது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். பிந்தி வந்த மாணவரையும் வீட்டுவேலை செய்யாத மாணவரையும் புல்லுப் பிடுங்க அனுப்பும் வழக்கம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. தண்டனையாகத் தோட்டத்துக்குள் வந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் மண்வெட்டியை வெறுக்கும்; தோட்டம் அமைத்ததன் நோக்கத்தையே இந்த வழக்கம் கெடுத்துவிடுகிறது. இதற்கு எதிர்த் திசையில் தொண்டர்களாகிய நாங்கள் செய்கின்ற தவறொன்றும் உண்டு: பிள்ளை வளைத்துப் போட்ட பாத்தியை அது போனபின் நேராக்கி வைப்பது, பிந்தி முளைத்த விதைக்குப் பதிலாகக் கடைக் கன்றை நட்டுவிடுவது. தோட்டம் அழகாகும்; பிள்ளைக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாத்தி கொடுத்து, அது வளைந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுவதே முறை.

இடமாற்றத்தோடு முடிந்துபோகும் தோட்டங்களும் பல. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் நான்கு ஆண்டு பாடுபட்டு, வேறு வலயத்துக்குப் போன மறுதவணையே கிணற்றடி பற்றைக்காடாகிறது. ஊரவரோ இடமாற்றம் பெறுவதில்லை. அதனாலேயே தோட்டத்தின் நினைவை அவர்களும் வைத்திருக்க வேண்டும். என்ன விதை, எந்த நாளில், எந்தப் பாத்தியில், எப்போது காய்த்தது, எந்த நோய் வந்தது என்பவற்றை மாணவர் எழுதும் குறிப்பேடொன்று பாடசாலையிலும் அதன் பிரதியொன்று அபிவிருத்திச் சங்கத்திலும் இருந்தால், புதிதாக வரும் ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சென்ற போகத்தில் தக்காளி வாடி இறந்த பாத்தியில் இந்தப் போகம் கத்தரியையோ மிளகாயையோ வைக்கக் கூடாது, பயிற்றை வைக்கலாம் என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும். விதைத் தெரிவும் அப்படித்தான்: எம்.ஐ.2, கே.ஏ.2 மிளகாயா, ஹரித வெண்டியா, தின்னவேலி ஊதாக் கத்தரியா எங்கள் நிலத்தில் நன்றாக வந்தது என்பதை விளம்பரத்தாளைவிட அந்தக் கையெழுத்து நம்பகமாகச் சொல்லும். வெண்டியிலும் பயிற்றையிலும் முற்றிய காய்களை விதைக்கு விட்டு, சாம்பலில் கலந்து போத்தலில் அடைத்து வைத்தால் அடுத்த ஆண்டுச் செலவும் குறையும். கலப்பின விதையில் மட்டும் இது பயன் தராது.

ஆதலால் திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்வி அலுவலகங்களிடம் நான் கேட்பது நிதியன்று. இந்த மாரி தொடங்குவதற்கு முன்னர், தோட்டமுள்ள பாடசாலைகளில் அபிவிருத்திச் சங்கம் பரிந்துரைக்கும் தொண்டர்கள் விடுமுறையிலும் உள்ளே செல்வதற்கான அனுமதிக் கடிதத்தின் பொது மாதிரியொன்றை தமிழ், முஸ்லிம், சிங்களம் ஆகிய மூன்று வகைப் பாடசாலைகளுக்கும் பொருந்துமாறு தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து அதிபர்களுக்கு அனுப்ப வேண்டும். விளைச்சலைப் பங்கிடும் முறையை அந்தந்தப் பாடசாலையே தீர்மானித்து அதில் எழுதிக்கொள்ள இடம் விடலாம். பாடசாலைத் தோட்டப் போட்டிகளுக்கு நடுவர்களை அனுப்புபவர்கள், அவர்களைத் தவணையின் கடைசி வாரத்தில் அனுப்பாமல், விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் முதல் வாரத்தில் அனுப்பிப் பார்க்கட்டும். எந்தத் தோட்டம் ஊரோடு சேர்ந்து நடக்கிறது என்பது அன்று தெரிந்துவிடும். அனுமதிக் கடிதத்தின் மாதிரி டிசெம்பர் விடுமுறைக்கு முன் எங்கள் கைக்கு வருமாயின், தை மாத நடுகைக்கான நாற்றுமேடையைப் போட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வூதியர் ஒருவர்,
திருகோணமலை.